மலையகத்தில் உலர் உணவுப் பொதி: பட்டியல், சேகரிப்பு, கொண்டு சேர்த்தல்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு உலர் உணவு கொடுக்க நினைக்கும் குழுக்களில் பல, முதல் வேலையாக வாட்ஸ்அப்பில் அறிவித்தல் போடுகின்றன. மூன்றாம் நாளே அரிசி வந்து குவியும். யாருக்கு, எத்தனை வீட்டுக்கு, எந்த வண்டியில் என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழும். அதற்குள் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அறையில் அரிசி மலை போல இருக்கும். பருப்பும் எண்ணெயும் இருக்காது. எண்ணிக்கை முதலில், வசூல் பிறகு. இந்த வரிசை மாறினால் மற்ற எல்லாமே கோணும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 50 குடும்பம், ஒரு தோட்டத்தின் ஒன்றிரண்டு டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), ஒரு கிழமைக்கான உணவு என்ற அளவுக்கானது. முதல் தடவையில் இதற்கு மேல் போக வேண்டாம். 200 பொதி என்று அறிவித்துவிட்டு 120இல் நிற்பதைவிட, 50 என்று சொல்லி 55 கொடுப்பது மேல்.

எந்த நாட்களில்

தோட்டத்துச் சம்பளம் பொதுவாக மாதம் 10ஆம் திகதி அளவில் கைக்கு வரும். பல தோட்டங்களில் 25 அளவில் ஒரு முற்பணமும் உண்டு. கடைக்கடன், சீட்டு, நுண்கடன் தவணை எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவது அதிக நாள் தாங்காது. மாதத்தின் 1 முதல் 9 வரையான நாட்கள்தான் இறுக்கமானவை. 12ஆம் திகதி கொடுக்கும் பொதியையும் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் 5ஆம் திகதி கொடுக்கும் பொதி ஒரு வீட்டைக் கடைக்காரரின் கொப்பியிலிருந்து காப்பாற்றும். ஆசிரியர்களுக்கும் அரச ஊழியர்களுக்கும் சம்பளம் 20க்குப் பின் வருவதால், 21 முதல் 30 வரை வசூல், மாதத்தின் முதல் இரண்டு மூன்று நாளில் கொள்வனவும் கட்டுதலும், அதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை விநியோகம் என்று வைத்தால் இரண்டு பக்கமும் பொருந்தும்.

வருடத்தில் பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரை நெருக்கடி அதிகம். வெயிலில் கொழுந்து குறையும், நுவரெலியா போன்ற உயரமான இடங்களில் உறைபனி தளிரைக் கருக்கும், வேலை நாட்கள் குறையும். தீபாவளி முற்பணத்தின் கழிவு சம்பளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாடசாலைச் செலவும் சேர்ந்துகொள்ளும். மழையையும் பார்க்க வேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவை, ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பசறை, லுணுகலை, பதுளைப் பக்கம் வருட இறுதியில்தான் மழை கொட்டும். அவசரம் இல்லாவிட்டால் ஜூனில் மஸ்கெலியாவுக்கும் டிசம்பரில் லுணுகலைக்கும் லொறி அனுப்பத் திட்டமிடாதீர்கள்.

வேலை நாள் காலையில் விநியோகம் வைப்பது பெரும் பிழை. பொதிக்காக வரிசையில் நிற்பவருக்கு அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலைப் பதிவும் கூலியும், போய்விடும். ஞாயிறு பிற்பகல் 2 மணி நல்ல நேரம். ஆனால் கொழுந்து கூடிய காலத்தில் சில தோட்டங்களில் ஞாயிறும் கைக்காசு வேலை நடக்கும். தோட்டத்து மேற்பார்வையாளரான கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பட்டியல்

இதற்கு இரண்டு கிழமை ஒதுக்குங்கள். வேலையின் பாதி இதுதான்.

முதலில் அனுமதி. லயமும் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) தோட்டப் பாதையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பவை. துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: யார் நீங்கள், எந்த டிவிசன், எந்தத் திகதி, எத்தனை மணி, வண்டி இலக்கம், கூடும் இடம். அதன் பிரதி கிராம உத்தியோகத்தருக்கும் போகட்டும். இந்த ஒரு கடிதம் இல்லாமல் விநியோக நாளில் கேட்டில் வண்டி நின்றுபோவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

பெயர்களை ஒரே ஆளிடமிருந்து எடுக்காதீர்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். ஒருவரிடம் மட்டும் பட்டியல் கேட்டால் அவருடைய சங்கத்துக்காரர் பெயர்தான் கூடுதலாக வரும். அதில் அவர் குற்றம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்த வீடுகளை அவர் சொல்கிறார். தலைவர்கள் எல்லோரையும், கோயில் கமிட்டியையும், மாதர் சங்கத்தையும் ஒரே மேசையில் இருத்திக் கதையுங்கள். அதற்குப் பிறகு தனித்தனியாக மூன்று பேரைப் பாருங்கள்: பிள்ளைக்காம்பராவை (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) பார்க்கும் அம்மா, குடும்பநல மருத்துவிச்சி, தோட்டப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர். எந்தப் பிள்ளை வெறும் தேத்தண்ணியோடு வருகிறது, எந்தத் தாயின் நிறை கூடவில்லை என்பது இவர்களுக்குத்தான் தெரியும். மருத்துவிச்சியிடம் நோய் விபரம் கேட்காதீர்கள். சொல்லவும் அவருக்கு உரிமையில்லை. "இந்தப் பட்டியலில் விடுபட்ட வீடு இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். கடைக்காரரும் நல்ல சாட்சிதான். ஆனால் தன் கடன் திரும்பக் கிடைக்கும் வீட்டையே அவர் முதலில் சொல்லக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கும் வீடுகள் என்று மட்டும் எடுத்தாலும் சரிவராது. உண்மையான தேவையுள்ள சில வீடுகள் அதில் இல்லாமலே இருக்கின்றன. கீழே உள்ளவற்றில் இரண்டு பொருந்தினால் அந்த வீடு முதல் வரிசையில் வரட்டும்: செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் சம்பளப் பதிவேடு) யாருடைய பெயரும் இல்லை, ஓய்வு பெற்றவர்கள் மட்டும் இருக்கிறார்கள், ஒரே ஒரு பெண்ணின் உழைப்பில் சிறு பிள்ளைகள், தாய் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்க பிள்ளைகள் பாட்டியோடு, மாற்றுத்திறனாளி அல்லது நீண்டகால நோயாளி, கர்ப்பிணி அல்லது பாலூட்டும் தாய், மண்சரிவு அபாயத்தால் இடம் மாறி இருப்பவர்கள். வாசலில் நின்று வருமானம் விசாரிக்க வேண்டாம். பக்கத்துக் காம்பராவுக்கு (லயத்தின் ஓர் அறை வீடு) எல்லாம் கேட்கும்.

எண்ணும்போது கதவை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். ஒரே காம்பராவில் அப்பாவும் கல்யாணமான மகனும் தனித்தனி அடுப்பு வைத்திருப்பது வழமை. கதவுக்கு ஒரு பொதி என்று போனால் எட்டுப் பேர் உள்ள வீடும் இரண்டு பேர் உள்ள வீடும் ஒன்றாகிவிடும். இரண்டு பேர் வரை அரைப் பொதி, மூன்று முதல் ஐந்து வரை ஒரு பொதி, ஆறுக்கு மேல் ஒன்றரைப் பொதி என்று வகுத்துவிடுங்கள்.

பல லயங்களில் வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. டிவிசன், லய இலக்கம், காம்பரா இலக்கம், குடும்பத் தலைவரின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை என்ற வரிசையில் எழுதுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள் என்பதால் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் வேண்டும். காம்பரா இலக்கம் அழிந்திருந்தால் "மேல்கணக்கு 4ஆம் லயம், தொங்கல் காம்பரா" என்பது போல அந்த ஊர்க்காரர் சொல்லும் விதத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டாம். 12 காம்பரா லயத்தில் 9 வீடு பட்டியலில் வந்தால் மிச்சம் 3 வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் இடம் அது. விட்டுப்போன மூன்று வீட்டின் மனஸ்தாபம் அந்த அரிசி தீர்ந்த பிறகும் தீராது. மறுபக்கம், தோட்ட எல்லைக்கு வெளியே உள்ள கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் பஜாரை ஒட்டி வாடகைக்கு இருக்கும் முஸ்லிம் குடும்பங்களும் எந்தத் தோட்டப் பட்டியலிலும் வரமாட்டார்கள். அவர்களைப் பற்றிக் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அறிவித்தலும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

இறுதிப் பட்டியலைக் கோயில் சுவரில் ஒட்டாதீர்கள். எத்தனை குடும்பம், எந்த அளவுகோல் என்பது மட்டும் வெளியில் தெரிந்தால் போதும்.

பொதியில் என்ன

நாலு பேர், ஏழு நாள்:

அரிசி 5 கிலோ
கோதுமை மா 5 கிலோ
மைசூர் பருப்பு 1 கிலோ
கடலை 500 கிராம்
தேங்காய் எண்ணெய் 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று
நெத்தலிக் கருவாடு 250 கிராம்
சோயாமீட் 90 கிராம் பக்கற் 2
சீனி 500 கிராம்
உப்பு 400 கிராம்
மிளகாய்த்தூள் 100 கிராம்

நிறை 13.5 கிலோவுக்குச் சற்றுக் கூட வரும். நிவாரண வேலைகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பது பொதுவான கணக்கு. இந்தப் பொதி ஏறத்தாழ 1,750 தரும். தேங்காயும் வீட்டைச் சுற்றி உள்ள கீரை, சௌசௌ, கிழங்கும் மிச்சத்தை ஓரளவு நிரப்பும். கையில் காசு கூடினால் முதலில் பருப்பையும் எண்ணெயையும் கூட்டுங்கள், அரிசியை அல்ல.

மாவைக் குறைத்து அரிசியைக் கூட்டச் சொல்லி நகரத்துக் கொடையாளர்கள் ஆலோசனை சொல்வார்கள். கேட்க வேண்டாம். காலையில் சுட்ட ரொட்டிதான் மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு. மா இல்லாத பொதி தோட்டத்தில் பாதிப் பொதி. தேயிலைத்தூளும் சேர்க்கலாம்தான், ஆனால் செக்ரோலில் பெயர் உள்ளவர்களுக்குப் பல தோட்டங்களில் நிர்வாகமே தூள் கொடுக்கிறது. அந்தக் காசை நெத்தலிக்குப் போட்டு, ஓய்வு பெற்றவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு மட்டும் 200 கிராம் தூள் வையுங்கள்.

தனியாக இருக்கும் வயோதிபருக்குக் கடலை வேண்டாம். இரவே ஊறப்போட்டு நீண்ட நேரம் விறகு எரித்தால்தான் வேகும். பல் இல்லாதவரால் மெல்லவும் முடியாது. அதற்குப் பதில் பருப்பு 500 கிராம் கூட வையுங்கள். நீரிழிவுக்காரர் வீட்டில் சீனியைக் கடலையாக மாற்றிக்கொடுக்கலாம். மாட்டிறைச்சி டின், பன்றி இறைச்சி டின் இரண்டுமே எந்தப் பொதியிலும் வரக்கூடாது. கருவாடு சாப்பிடாத வீடுகளை விரத காலத்தில் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவுகளை 25 கிலோ மூட்டையோடு பொருத்தி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மூட்டைக்குச் சரியாக 5 பொதி. 11 மூட்டை அரிசியும் 11 மூட்டை மாவும் வாங்கினால் 55 பொதி. 7 கிலோ என்று வைத்தால் ஒவ்வொரு மூட்டையிலும் 4 கிலோ தொங்கி நிற்கும், கணக்கு கடைசிவரை ஒட்டாது. 55 பொதிக்கான மற்றவை: பருப்பு 55 கிலோ, கடலை 27.5 கிலோ, சீனி 27.5 கிலோ, நெத்தலி 14 கிலோ, எண்ணெய் 55 போத்தல், உப்பும் மிளகாய்த்தூளும் 55 பக்கற் வீதம், சோயாமீட் 110 பக்கற். 50 குடும்பத்துக்கு 5 பொதி உபரி. பட்டியலில் விடுபட்டுப் பிறகு வருபவர்களுக்கு அது நிச்சயம் தேவைப்படும்.

சேகரிப்பு

காசாக வாங்குவதே எளிது. மொத்தக் கடையில் ஒரே ரக அரிசி கிடைக்கும், எல்லாப் பொதியும் ஒரே மாதிரி இருக்கும். ஹட்டன், பண்டாரவளை, நாவலப்பிட்டி போன்ற நகரங்களில் மூன்று மொத்தக் கடைகளில் எழுத்தில் விலை கேளுங்கள். அன்றைய விலை எத்தனை நாளுக்கு நிற்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அரிசி, பருப்பு விலை ஒரு கிழமைக்குள்ளேயே மாறும். ஆகவே கேட்ட விலைக்கு மேல் நூற்றுக்குப் பத்து வைத்து வசூல் இலக்கைப் போடுங்கள்.

பொருளாகத்தான் கொடுப்போம் என்பவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் "ஏதாவது கொண்டு வாருங்கள்" என்றால் எல்லோரும் அரிசியும் நூடில்ஸும்தான் கொண்டுவருவார்கள். பொருளைப் பிரித்துக் கொடுங்கள். பாடசாலையில் தரம் 6 பருப்பு, தரம் 7 சீனி, தரம் 8 உப்பு, தரம் 9 சோயாமீட்; ஆளுக்கு ஒரு பக்கற் மட்டும். கொண்டுவராத பிள்ளையின் பெயரை யாரும் எழுதக்கூடாது. அந்தப் பிள்ளையின் வீடே உங்கள் பட்டியலில் இருக்கலாம். கடை வாசலில் பெட்டி வைக்கும்போது பெட்டியின் மேல் மூன்று பொருளின் பெயர் மட்டும் பெரிதாக எழுதி, நிரம்பியதும் அடுத்த மூன்றை எழுதுங்கள். பொது இடத்தில், பஸ் நிலையத்தில் உண்டியலோ பெட்டியோ வைப்பதானால் பிரதேச சபை அல்லது நகர சபைக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள்.

கோயிலில் பிடி அரிசி சேர்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் பச்சை, நாடு, சம்பா, சிவப்பு எல்லாம் கலந்து வரும். ஒன்று குழைவதற்குள் மற்றது வேகாது, பொதிக்கு உதவாது. அந்த அரிசியைப் பிரசாதத்துக்கோ சமைத்துக் கொடுக்கும் சாப்பாட்டுக்கோ விட்டுவிடுங்கள். கஞ்சிக்குக் கலப்பு அரிசி பழுதில்லை.

ஏற்கக் கூடாதவற்றை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைப் பால்மாவும் பால் போத்தலும் வேண்டாம். தாய்ப்பாலுக்குப் பதிலான பொருட்களைச் சந்தைப்படுத்துவதையும் இலவசமாகப் பரப்புவதையும் கட்டுப்படுத்தும் நெறிக்கோவையை உலக சுகாதார சபை 1981இல் ஏற்றது. இலங்கையிலும் அதற்கான விதிகள் உண்டு. சுத்தமான தண்ணீர் இல்லாத லயத்தில் போத்தல் பால் வயிற்றோட்டத்தில்தான் முடியும். சத்துக் குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ என்ற அரச சத்துமா, மருத்துவிச்சி மூலம் வர வேண்டும். இவற்றோடு அளந்து ஊற்றிய எண்ணெய், திறந்த பக்கற், வீட்டில் செய்த ஊறுகாய், காலாவதிக்கு மூன்று மாதத்துக்குக் குறைவாக உள்ள பொருள், உப்பிய டின், மடிப்பில் நசுங்கிய டின் ஆகியவற்றையும் எடுக்காதீர்கள். நடுவில் சிறிதாக நசுங்கிய டின் பரவாயில்லை. மேல் கீழ் விளிம்பிலோ பக்கத் தையலிலோ நசுங்கியது வேண்டாம், அங்கேதான் காற்றுப் புகும். பழைய உடுப்பு எப்படியும் வந்து சேரும். அதற்கு வேறு நாள், வேறு அறை.

வைப்பதும் கட்டுவதும்

மலையகத்தில் சரக்குக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது எலி. தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ மூடுபனி இறங்கும் மாதத்தில் சீமெந்துத் தரையில் வைத்த மா மூட்டையின் அடிப்பக்கம் நாலைந்து நாளில் கட்டி பிடிக்கும். தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் ஈரமும் ஏறும், எலி ஓடியதும் தெரியாது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. மாவும் தேயிலைத்தூளும் வாசனையை இழுத்துக்கொள்ளும். சவர்க்கார மணம் பிடித்த மாவில் சுட்ட ரொட்டியைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

தோட்டத்தில் எளிதாகக் கிடைப்பது உரப்பை. கழுவிக் காயவைத்தது, பார்க்கப் புதிது போலவே இருக்கும். உணவுக்கு அதைத் தொடாதீர்கள். உரம், களைநாசினி ஏற்றிய வண்டியின் தட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: கழுவி, மேலே புதுத் தறப்பாள் விரித்த பிறகே மூட்டை ஏறலாம்.

கட்டுவதற்கு ஆறு பேர், ஒரு நீண்ட மேசை, இரண்டு தராசு போதும். ஒரு முத்திரையிட்ட 1 கிலோ சீனிப் பக்கற்றை வைத்துத் தராசைச் சரிபாருங்கள். மா நிறுக்கும்போது கை தாராளமாகப் போகும். முதல் நாலு பையில் 50 கிராம் வீதம் கூடினால் ஐந்தாவது பையில் 200 கிராம் குறையும். அந்தப் பை யாருக்குப் போகிறதோ அவர் கண்ணுக்கு அது ஏமாற்று. பருப்பையும் கடலையையும் கட்டும் வேலையின் முதல் நாளே கட்டலாம். மாவை விநியோகத்துக்கு முந்திய நாள்தான் பிரிக்க வேண்டும், பிரிக்கும்போது வண்டு இருக்கிறதா என்று ஒரு சுளகில் கொட்டிப் பாருங்கள். ஒரு மூட்டையில் கண்டால் அந்த மூட்டையைத் தனி அறைக்கு எடுத்து அன்றே கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். ஆகவே கடைக்காரரோடு பேசும்போதே "பழுதானால் மாற்றித் தருவீர்களா" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

பொதியை ஒன்றாகக் கட்டாமல் இரண்டு பையாகக் கட்டுங்கள். முதல் பை: அரிசி, உப்பு, எண்ணெய், நெத்தலி, மிளகாய்த்தூள். எண்ணெயும் நெத்தலியும் தனித்தனிப் பொலித்தீனில், மேலே. இரண்டாம் பை: மா, பருப்பு, கடலை, சீனி, சோயாமீட். ஒவ்வொன்றும் ஏழு கிலோ அளவில் வரும். கல்படி ஏறும் அறுபது வயது அம்மாவுக்கு இரண்டு கையில் இரண்டு பை சமநிலை; ஒரே பதின்மூன்று கிலோ சாக்கு என்றால் யாரையாவது தேடிப் பிடிக்க வேண்டும். கட்டி முடித்த பொதிகளில் பத்தில் ஒன்றை அவிழ்த்துப் பட்டியலோடு சரிபாருங்கள். இரவு பத்து மணிக்குக் கட்டிய பொதிகளில்தான் உப்பு விடுபட்டிருக்கும்.

ஏற்றுவதும் கொடுப்பதும்

55 பொதி 750 கிலோ அளவில் வரும். சிறிய பட்டா லொறி தார் ரோட்டில் அதை ஒரே தடவையில் இழுத்துவிடும். தோட்டத்துக் கல் ரோட்டில், வளைவில், மழையில் இழுக்காது. இரண்டு நடையாகப் போகட்டும். கொடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாதையைப் பார்த்து வர வேண்டும்: மண் சரிந்த இடம், உடைந்த மதகு, லொறி திருப்ப இடம் உண்டா. திருப்ப இடமில்லாத டிவிசனுக்குள் ஏற்றிய லொறியைப் பின்னோக்கி எடுப்பது இருட்டில் ஆபத்து.

வீட்டுக்கு ஒரு சீட்டு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். அதில் தொடர் இலக்கம், டிவிசன், லயம், காம்பரா, பொதியின் அளவு, வர வேண்டிய நேரம். அடிக்கட்டை உங்களிடம். டிவிசனுக்கு ஒரு நிறம் என்றால் வாசலில் நிற்பவருக்கே தெரியும். காலையில் பெரட்டிலும் (வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம்) மாலையில் கோயில் ஒலிபெருக்கியிலும் நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் லயம் 2 மணி, அடுத்தது 2.30 என்று பிரித்தால் கூட்டம் சேராது. ஒரு மேசைக்கு மூன்று பேர்: ஒருவர் சீட்டைப் பார்க்க, ஒருவர் கையொப்பம் அல்லது கைநாட்டு வாங்க, ஒருவர் பொதியைக் கொடுக்க. இரண்டு மேசை போட்டால் 50 குடும்பத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் தாராளம்.

நோயாளி, படுக்கையில் உள்ளவர், இளம் தாய் ஆகியோரின் பொதி கூடும் இடத்துக்கே வரக்கூடாது. இரண்டு இளைஞர்கள் நேராக வீட்டுக்குத் தூக்கிப் போகட்டும். சின்னப் பிள்ளை தனியாகச் சீட்டோடு வந்தால் பொதியைக் கையில் கொடுத்துவிடாமல் கூடவே ஆள் அனுப்புங்கள். வழியில் அது வேறு கைக்கு மாறிய சம்பவங்கள் உண்டு. வீட்டு ஆண் குடிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் சீட்டை அம்மா பெயரிலேயே எழுதுங்கள்.

மேடை, மாலை, பிரதம விருந்தினர் வேண்டாம். ஒரு மணித்தியாலம் பேச்சு என்றால் ஐம்பது குடும்பத்தின் ஒரு மணித்தியாலம் போகிறது. தேர்தல் காலத்தில் வேட்பாளரின் பெயரோ படமோ கட்சி நிறமோ பொதியில் வரவே கூடாது. அது சட்டச் சிக்கல். படம் எடுப்பதைப் பற்றி வெளிநாட்டுக் கொடையாளரிடம் காசு வாங்கும்போதே பேசிவிடுங்கள். அடுக்கிய பொதிகள், கடை பில், ஏற்றிய லொறி, கையொப்பத் தாளின் முகப்பு: இவ்வளவும் சான்றுக்குப் போதும். பொதி வாங்கும் ஆளின் முகம் தேவையில்லை. அடுத்த கிழமை அந்தப் படம் அவருடைய மகள் படிக்கும் வகுப்புப் பிள்ளைகளின் போனில் சுற்றும்.

மண்சரிவு நேரத்தில்

இது வேறு வேலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பாதை, மின்சாரம், போன் எல்லாம் ஒன்றாக அறுந்தன. நகரத்தில் நிறைந்திருந்த நிவாரணம் தோட்டத்துக்குள் போக வழியில்லாமல் நின்றது. சரிவுக்குப் பாதுகாப்பான ஒரு கோயிலிலோ பாடசாலையிலோ மழைக்காலம் தொடங்கும் முன்பே 10 பொதியும் பெரிய சமையல் பாத்திரம் இரண்டும் வைத்திருப்பதுதான் இதற்கு ஒரே வழி. மாவை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக மாற்றிப் பழையதை உடனே பயன்படுத்திவிடுங்கள்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று மட்டங்களில் வரும். மூன்றாவது, வெளியேறும் மட்டம். இரண்டாம் மட்டம் வந்துவிட்டாலே சரிவுக்குக் கீழே உள்ள இடத்தில் விநியோகக் கூட்டம் வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. உங்கள் வண்டி எங்கே போகிறது என்பதைப் பிரதேச செயலகத்துக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். எல்லாக் குழுவும் ரோட்டோரம் உள்ள முதல் முகாமில் இறக்கிவிட்டுத் திரும்புவதால்தான் அங்கே சோறு கொட்டும், உள்ளே உள்ள டிவிசனில் அடுப்பு எரியாது.

முதல் இரண்டு மூன்று நாள் உலர் பொதியால் பயனில்லை. பாத்திரமும் விறகும் இல்லாதவர்களுக்குச் சமைத்த சாப்பாடு வேண்டும். 100 பேருக்கு ஒரு வேளை: அரிசி 13 முதல் 15 கிலோ, பருப்பு 4 கிலோ, கோவா அல்லது உருளைக்கிழங்கு 10 கிலோ, தேங்காய் 12. முகாமுக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லிவிட்டுச் சமையுங்கள். சரிவுக்குப் பின் பீலித் தண்ணி (மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணி) கலங்கி இருக்கும். தெளியவிட்டு, துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குடிக்க. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். தேங்காய்ப் பால் விட்ட கறியும் சம்பலும்தான் முதலில் கெடும். தூரத்து முகாமுக்குத் தாளித்த பருப்பும் பொரித்த நெத்தலியும் அனுப்புங்கள். சோற்றையும் கறியையும் தனித்தனியே கட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

முகாம் வாழ்க்கை ஒரு கிழமையில் முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோது தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் நெடுநாள் இருந்தார்கள். ஆகவே முதல் கிழமையில் வரும் காசு முழுவதையும் அந்தக் கிழமையே செலவழிக்காதீர்கள். மூன்றாம் மாதத்தில் யாரும் வரமாட்டார்கள், பருப்புக்கும் மாவுக்கும் அப்போதுதான் அல்லாட வேண்டியிருக்கும்.

கணக்கு

வங்கிக் கணக்கு இரண்டு பேரின் கையொப்பத்தில். கைக்காசாக வந்தால் அடிக்கட்டை உள்ள ரசீது. சரக்குக்கு ஒரு தனிக் கொப்பி: வந்தது, யாரிடமிருந்து, எவ்வளவு, வெளியே போனது, மிச்சம். விநியோகம் முடிந்த மூன்று நாளுக்குள் வரவு, செலவு, பொதி எண்ணிக்கை, மிச்சம் நாலையும் ஒரே தாளில் எழுதிக் கோயில் பலகையிலும் பெட்டி வைத்த கடைகளிலும் ஒட்டுங்கள். பெறுபவர் பெயர் அதில் வேண்டாம். கையொப்பத் தாள்களை உறையில் போட்டு ஒட்டி இரண்டு வருடம் வையுங்கள்.

உபரிப் பொதியில் மிஞ்சியவற்றைக் குழுவில் உள்ளவர்கள் பங்கிட்டுக்கொள்ளக்கூடாது, அவர்களுக்கே தேவை இருந்தாலும். தேவை இருந்தால் முதலிலேயே பட்டியலில் வந்திருக்க வேண்டும். மிச்சத்தைப் பிள்ளைக்காம்பராவின் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்து, பொறுப்பாளரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டுக் கொடுத்தும் வராத வீடுகளுக்கு அடுத்த நாளே ஆள் அனுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள், அல்லது சீட்டில் காம்பரா இலக்கம் பிழையாக இருக்கும்.